சமாதிக் கல்லுக்கு நேர் மேலே

டொக்.

கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. டொக்.

கூடத்தின் பலகை மச்சுக்கு மேலே யாரோ மரத்தைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். தெற்குச் சுவரில் ஆரம்பித்த சத்தம் மெல்ல நடுவுக்கு நகர்ந்தது. நடுவுக்கு வந்ததும் நின்றது. பலகை முனகியது, சுவரோரமாகச் சுற்றிப் போகிற ஆளின் கனம். பிறகு வடக்குப் பக்கத்திலிருந்து மறுபடியும் டொக்.

கீழே பழைய வேட்டியைக் கிழித்து விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்த சங்கரவடிவு அம்மை கையை நிறுத்தினார். நிமிர்ந்து பார்க்கவில்லை. காதை மட்டும் கொடுத்தார். பிறகு தொடையில் வைத்து அடுத்த திரியை உருட்டினார்.

அது பெரிய மடம் இல்லை. ஒரு தானிய வியாபாரி இருந்த பழைய வீடு. அவர் கடையில் மூட்டை சுமந்த ஒருவரைச் சாமி என்று ஊர் மெதுவாகத்தான் கண்டுகொண்டது. கடைசியில் வியாபாரியே அவர் காலில் விழுந்து வீட்டை எழுதிக் கொடுத்தார். மூட்டை சுமந்தவர் இறந்தபோது கூடத்து நடுவிலேயே குழி வெட்டி, உட்கார்ந்த வாக்கில் வைத்து மூடி, தலைக்கு நேர் மேலே ஒரு கல்லைப் பதித்தார்கள். பெயர் மறந்துபோய் அவர் பெரியவர் ஆனார். மூட்டைக்காரர்கள் பாரத்துக்கு அடியில் தலையில் சுருட்டி வைக்கும் சும்மாட்டைப் போல, குருபூஜை அன்று மட்டும் பட்டுத் துணியைச் சுற்றிக் கல்லின் மேல் வைத்துப் பூப்போடுவார்கள். அவர் சுமந்ததற்கு அடையாளமாக மிஞ்சியது அது ஒன்றுதான்.

அவர் இடத்தில் இப்போது இருப்பவர் சங்கரவடிவு அம்மை. மேலே தட்டிக்கொண்டிருந்த ஆவுடையப்பன் அவருடைய சீடர், ஆனால் வயதில் மூத்தவர். மரக்கடையில் ஆயுளைக் கழித்துவிட்டு, மனைவி போன பிறகு மடத்துக்கு வந்தவர். அம்மை அவரை 'நீர்' என்பார். அவர் அம்மையைத் 'தாயே' என்பார்.

அன்று காலை கல்லைக் கழுவி எண்ணெய் பூசிவிட்டு ஆவுடையப்பன் ஒன்று கேட்டிருந்தார். எண்ணெய் பூசுகிறேன், பூ வைக்கிறேன், விளக்குப் போடுகிறேன், ஆனாலும் ஏதோ குறைகிற மாதிரியே இருக்கிறது என்றார்.

"பெரியவருக்கு நான் இன்னும் என்ன செய்யணும், தாயே?"

அம்மை வாசலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தார். கிழக்கே கறுத்திருந்தது.

"மச்சில் ஏறி மரத்தைப் பாரும்" என்றார்.

பதில் அவ்வளவுதானா என்று ஆவுடையப்பனுக்கு மனம் சுருங்கியது. ஆனாலும் ஏணியை எடுத்தார். ஆற்றோரத் தெருவில் எல்லாம் மண்சுவர் வீடுகள். ஐப்பசி அடைமழை பிடித்தால் அந்தத் தெரு முழுக்க மடத்துக் கூடத்தில் வந்து படுக்கும். அதற்கு முன்னால் கூரை மரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, 'படுக்கலாம்' என்று சொல்வது வருஷா வருஷம் அவர் வேலை. நல்ல மரம் தட்டினால் பதில் சொல்லும், உளுத்த மரம் பேசாது என்பார் அவர்.

இறங்கி வந்தபோது தலை, புருவம், தோள் எல்லாம் வௌவால் எச்சமும் தூசியும். சமையல் பார்க்கும் பிரமாச்சி அடுக்களை வாசலிலிருந்து பார்த்துவிட்டு, தூசி முழுவதையும் நீரே கட்டிக்கொண்டு வந்துவிட்டீரே சாமி, அடுத்த வருஷத்துக்குக் கொஞ்சம் விட்டு வைக்கக் கூடாதா என்றாள்.

ஆவுடையப்பன் சிரித்துக்கொண்டே துண்டால் தட்டிக்கொண்டார். கையிலிருந்த கொட்டாப்புளியைச் சுவரில் சாய்த்து வைத்தார். மரத்தைத் தட்டுகிற கட்டை அது. மரக்கடையிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து.

"தெற்கே ரெண்டு கைமரம் நுனியில் உளுத்திருக்கு. துண்டு சேர்த்துக் கட்டியாச்சு. மத்ததெல்லாம் கல்லு மாதிரி. ஆட்கள் வரலாம், தாயே."

"நடுவில் சத்தம் நின்னுதே."

"நடுவில் கயிறு இருக்கே, தாயே."

மடத்தில் எல்லாருக்கும் தெரிந்த கயிறு. மச்சில், பெரியவர் தலைக்கு நேர் மேலே, நான்கு பக்கமும் மஞ்சள் பூசிய கயிறு கட்டி அடைத்திருக்கும். அதற்குள் யாரும் கால் வைப்பதில்லை. கூரைமேல் ஏறி ஓடு மாற்றுகிறவர்களும் அந்த இடத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போவார்கள். அங்கேதான் கூடத்தின் பெரிய விட்டம் சுவருக்குச் சுவர் ஓடுகிறது. அதன் நடு முதுகில் நிற்கிற குத்துக்கால்தான் கூரையின் உச்சி மரமான மோட்டுவளையைத் தாங்குகிறது. கீழேயிருந்து பார்க்கலாம் என்றால் ஏணியைக் கல்லின் மேல் ஊன்ற வேண்டும். ஆகையால் அதுவும் இல்லை. குருபூஜைக்குக் குருபூஜை நீளக் கழியில் பிரஷைக் கட்டி, தள்ளி நின்றுகொண்டு விட்டத்தின் அடிப்பக்கத்துக்குப் பச்சைப் பெயிண்ட் அடிப்பார்கள். கீழே படுப்பவர்களுக்குத் தெரிவது அந்தப் பச்சைதான்.

"யார் கட்டின கயிறு?" என்றார் அம்மை.

"எனக்கு முந்தி, தாயே."

"எனக்கும் முந்திதான்."

அம்மை மறுபடி திரியை உருட்டினார். அடுக்களை வாசலில் பிரமாச்சி கரண்டியைத் துடைத்துக்கொண்டே, கரையானுக்கும் அந்தக் கயிற்றைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறீரா சாமி என்றாள். ஆவுடையப்பன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்த நேரத்தில்தான் பேராச்சி வந்தாள். தோளில் தூங்குகிற பெண்பிள்ளை, கக்கத்தில் பாய், கையில் ஒரு துணிமூட்டை. இன்னும் ஒரு துளி விழவில்லை. தெருவில் வேறு யாரும் கிளம்பவில்லை. அவள் எப்போதும் முதலில் வந்துவிடுவாள்.

போன வருஷ மழையில் அவள் புருஷன் சுடலைமுத்து போய்ச் சேர்ந்தான். மனைவியையும் பிள்ளையையும் வெளியே இழுத்து விட்டுவிட்டு, கட்டியிருந்த ஆட்டை அவிழ்க்கத் திரும்பி உள்ளே போனான். சுவர் ஊறிப்போய் இருந்தது. மண்ணை வெட்டி எடுத்தபோது அவன் கையில் ஆட்டுக் கயிறு இருந்தது. அதிலிருந்து வானம் இருண்டால் பேராச்சிக்கு வீட்டில் கால் நிற்பதில்லை.

அவள் யாரையும் பார்க்காமல் நேராகக் கூடத்து நடுவுக்குப் போனாள். சமாதிக் கல்லை ஒட்டிப் பாயை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினாள். பிள்ளை கல்லின் பக்கமாகப் புரண்டு, எண்ணெய்ப் பிசுக்குள்ள அதன் விளிம்பில் கையைப் போட்டுக்கொண்டது. பழகிய கை.

"கூடம் பூரா காலியாக் கிடக்கே, பேராச்சி. ஏன் எப்பவும் அங்கேயே படுக்கிறே?" என்று கேட்டார் அம்மை.

பேராச்சி ஆவுடையப்பனைக் காட்டினாள்.

"சாமிதான் சொன்னாரு, அம்மா. எங்கே விழுந்தாலும் பெரியவர் காலடியிலே ஒரு ஓட்டுத் துண்டு விழாதுன்னு. எம் புருஷன் போன பெறகு எனக்குத் தூக்கம் வந்ததே இந்த இடத்திலேதான்."

ஆவுடையப்பன் துண்டின் நுனியை முறுக்கினார்.

"தட்டிப் பார்த்துச் சொன்னீரா?" என்றார் அம்மை.

"நம்பிச் சொன்னேன், தாயே."

"நம்பினது நீர். படுக்கிறது அவ."

ஆவுடையப்பன் சுவரில் சாய்ந்திருந்த கொட்டாப்புளியை எடுத்தார். உளியை இடுப்பில் செருகினார். ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அம்மை எழுந்து நடுக்கூடத்துக்கு வந்திருந்தார். பேராச்சியிடம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைப் பக்கம் போகச் சொன்னார். அவள் போனதும், பிள்ளையின் சூடு ஆறாத அந்தப் பாயில் தான் உட்கார்ந்தார்.

"அங்கே வேண்டாம், தாயே."

"ஏன்?"

"நான் மேலே மிதிக்கிறப்போ ஏதாவது..."

"கல்லு மாதிரி இருக்குன்னீரே."

"அது மத்த மரம், தாயே. இதை நான் பார்த்ததில்லை."

"அவ பிள்ளை படுத்த இடம்தானே. ஏறும். சத்தம் எனக்குக் கேட்கணும்."

அவர் ஏறினார்.

மச்சில் எப்போதும் அரை இருட்டு. கயிற்றுக்கு அப்பால் மட்டும் இருட்டில் கம்பி கம்பியாக வெளிச்சம் இறங்கியது. மற்ற இடங்களில் எல்லாம் ஓடு மாற்றியிருந்தார்கள், அங்கே இல்லை. ஒவ்வொரு விரிசலுக்கும் கீழே பலகையில் வருஷக்கணக்கான ஈரத்தின் வட்டம். மழை பெய்த ராத்திரிகளில் அந்த ஈரம் எங்கே போயிற்று என்று ஆவுடையப்பன் இதுவரை நினைத்ததில்லை. இப்போது பார்த்தார். விட்டத்தின் முதுகு முழுவதும் செம்மண் புற்று நரம்பு நரம்பாக ஓடியிருந்தது.

கயிற்றுக்கு முன்னால் நின்று கும்பிட்டார். பிறகு அதைத் தூக்கிக் குனிந்து நுழையப் பார்த்தார். பிடித்த இடத்திலேயே கயிறு இற்று விழுந்தது. மறுமுனை விட்டத்தில் முடிச்சிட்டிருந்தது. முடிச்சு அப்படியே இருந்தது. அது பிடித்திருந்த மரத்தைக் காணவில்லை. புற்று மண்ணை முடிந்துவைத்த மாதிரி இருந்தது.

பலகையில் பாரம் விழாமல் முட்டிபோட்டு நகர்ந்து, குத்துக்காலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கொட்டாப்புளியை ஓங்கவில்லை. மெதுவாகத்தான் தட்டினார்.

கீழேயிருந்து அம்மையின் குரல் கேட்டது.

"தட்டினீரா?"

"தட்டினேன்."

"கேட்கலையே."

"கேட்காது, தாயே."

உளியை எடுத்து முனையை வைத்து அழுத்தினார். வெந்த கிழங்கில் இறங்குவதுபோல் பிடிவரைக்கும் இறங்கியது. வெளியே இழுத்தபோது கூடவே கொஞ்சம் மாவும், வெள்ளை வெள்ளையாகக் கரையானும் வந்தன. ஓட்டையை நோண்டிக் கையை விட்டார். அடிப்பக்கத்தில் பட்டை போல ஏதோ தட்டுப்பட்டது. அது பெயிண்ட். அவரே கழியில் பிரஷ் கட்டி அடித்த பச்சைப் பெயிண்ட். விட்டத்தில் மிச்சம் இருந்தது பெரும்பாலும் அதுதான்.

பலகை இடுக்கு வழியே கீழே அம்மையின் தலை தெரிந்தது. நரை ஓடிய வகிடு. அதற்குப் பக்கத்தில் கல்.

இறங்கி வந்ததும் அம்மையின் முன்னால் உட்காரப் போனவர் உட்காரவில்லை. தாயே, முதலில் எழுந்திரும் என்றார். அவர் அம்மைக்கு ஏவல் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மை எழுந்து வந்தார்.

மேலே கண்டதை ஆவுடையப்பன் சொன்னார். மறைக்காமல் சொன்னார். அடுக்களை வாசலில் பிள்ளையோடு நின்ற பேராச்சி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சாமி" என்றாள். "போன மழைக்கும் அது இப்படித்தான் இருந்துச்சா?"

"இருந்திருக்கும்."

"நாங்க படுத்திருந்தோமே, அப்பவும்?"

"அப்பவும்தான், தாயி."

அவள் திட்டவில்லை. அழவும் இல்லை. கூடத்து நடுவுக்குப் போய்ப் பாயைச் சுருட்டினாள். சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, அதை எங்கே விரிப்பது என்று தெரியாதவளாக நின்றாள். இனி எந்த இடம் என்று சொல்லுங்க சாமி என்றாள்.

ஆவுடையப்பன் சுவரோரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

கிழக்கே இடி உருண்டது. மரம் மாற்ற ஆளும் நாளும் வேண்டும். இருட்டுவதற்குள் ஆற்றோரத் தெரு வந்து நிற்கும். அவர்களைத் திருப்பி அனுப்பினால் ஊறிப்போன சுவர்களுக்குள்தான் போவார்கள். இருக்கிறது ஒரே வழி, குத்துக்காலின் பாரத்தை வாங்கிக்கொள்ள அதற்கு நேர் கீழே விட்டத்துக்கு அடியில் முட்டுக் கொடுப்பது என்றார் ஆவுடையப்பன். கொடுத்தால் இந்த மழை தாண்டும். சனங்கள் சுவரோரமாகப் படுக்கலாம். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வைரம் பாய்ந்த பனந்துண்டு ஒன்று கிடந்தது.

முட்டு எங்கே நிற்க வேண்டும் என்று பார்க்கத் தூக்குக்குண்டை எடுத்தார். மேலே போய், பலகை இடுக்கில் நூலை விட்டு, குத்துக்காலுக்கு நேராகக் குண்டை இறக்கினார். நூலைக் கட்டிவிட்டுக் கீழே வந்தார். குண்டு ஆடியது. வட்டம் போட்டது. வட்டம் சுருங்கியது. சமாதிக் கல்லின் நடுவில், காலையில் அவர் வைத்த செவ்வரளிக்கு மேலே, அசையாமல் நின்றது.

எல்லாரும் அதைப் பார்த்தார்கள். அடுக்களை வாசலில் பிரமாச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆவுடையப்பன் மறுபடி மேலே போய் நூலை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்தார். குண்டு ஆடி ஆடி அதே இடத்துக்கு வந்தது.

"ஒரு முழம் தள்ளி ஊன்றலாமா?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

"மரக்கடைக்காரர் நீர்" என்றார் அம்மை. "தள்ளி ஊன்றினா நிக்குமா?"

"நிக்காது."

அம்மை குனிந்து கல்லின் மேலிருந்த பூவை எடுத்தார். விளக்கை எடுத்துச் சுவரோரம் வைத்தார். எண்ணெய்ப் பிசுக்கை முந்தானையால் துடைத்தார். வழுக்கும் என்றார்.

ஆவுடையப்பன் அளவெடுத்துப் பனந்துண்டை அறுத்தார். அதைத் தூக்க அவரும் பிரமாச்சியும் போதவில்லை. பேராச்சி பாயைக் கீழே போட்டுவிட்டு வந்து ஒரு முனைக்குத் தோள் கொடுத்தாள். பிள்ளை அடுக்களைப் படியில் விழித்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று பேரும் துண்டைக் கூடத்துக்குக் கொண்டுவந்து நிமிர்த்தினார்கள். மேல்முனை விட்டத்தின் பச்சைக்கு அடியில் போய் நின்றது. அடிமுனை கல்லுக்கு நாலு விரல் உயரத்தில் இருந்தது. இனி இறக்குவதுதான் பாக்கி.

ஆவுடையப்பன் இறக்கவில்லை. துண்டைக் கட்டிப் பிடித்தபடி நின்றார். மறுபக்கம் தாங்கியிருந்த பேராச்சி அவர் முகத்தையே பார்த்தாள்.

"நேர் கீழே அவர் தலை, தாயே."

அம்மை திரி திரித்த இடத்துக்குப் போனார். மிச்சம் இருந்த பழைய வேட்டியை எடுத்தார். நீளவாக்கில் மடித்தார், முறுக்கினார், சந்தையில் மூட்டைக்காரர்கள் செய்வதுபோல வட்டமாகச் சுருட்டி நுனியை உள்ளே செருகினார். கொண்டுவந்து கல்லின் நடுவில் வைத்து, உள்ளங்கையால் அழுத்திச் சரி பார்த்தார்.

"தூக்கி விடுகிற ஆள் தயங்கினா சுமக்கிறவருக்குத்தான் கழுத்து வலி, ஆவுடையப்பரே" என்றார். "இறக்கும்."

அவர் இறக்கினார்.

துணி நசுங்கியது. ஆவுடையப்பன் அடியில் ஆப்பு வைத்து இறுக்கினார். மேலே விட்டம் ஒருமுறை முனகி, பாரத்தைக் கொடுத்துவிட்டு அடங்கியது. முடித்ததும் ஆவுடையப்பன் துண்டைக் கட்டிப் பிடித்த கை பிரியவில்லை. நெற்றியை அதில் சாய்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.

பேராச்சி அடுக்களை வாசலை ஒட்டிச் சுவரோரமாகப் பாயை விரித்தாள். பிள்ளையைக் கிடத்திவிட்டுத் தான் படுக்காமல் உட்கார்ந்தாள். அங்கிருந்து முட்டும் விட்டமும் தெரிந்தன.

ஓட்டின் மேல் முதல் துளிகள் விழுந்தன. வாசலில் தெருக்காரர்கள் பேசிக்கொண்டு வருவது கேட்டது.

திரிக்கென்று முன்பே கிழித்து வைத்ததில் ஒரு கை அகலத் துண்டு கிடந்தது. அம்மை அதை எடுத்து நடுவில் கிழித்து, தொடையில் வைத்துத் திரி உருட்ட ஆரம்பித்தார்.